தூணுக்குப் பின்னால் நின்ற சாட்சி

விழுப்புரத்திலிருந்து செஞ்சியை நோக்கிய திசையில், வயல்களுக்கும் ஏரிக்கும் அருகே ஒரு சிறு குன்று எழுந்து நிற்கிறது. அதன் மீது வீற்றிருப்பது பனமலை தாளகிரீசுவரர் ஆலயம். தாளம் என்ற வடசொல்லுக்குப் பனை என்று பொருள். கிரி என்பது மலை. பனைமலையில் உறையும் ஈசன் என்பதே பெருமானின் திருநாமம். காஞ்சியில் கயிலாசநாதர் ஆலயத்தை எழுப்பிய பல்லவ மன்னன் இராசசிம்மனின் திருப்பணி இது. காலம் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கம். காஞ்சிக் கல்வெட்டின் இறுதிச் செய்யுளே பனமலையிலும் பல்லவ கிரந்த எழுத்தில் காணப்படுவதால், இரண்டையும் எழுப்பியவன் ஒருவனே என்று கல்வெட்டறிஞர்கள் தெளிந்தனர்.

இவ்வாலயத்தின் வடபுறத்துச் சிறு சன்னதியில், சுவரின் மேல் ஓர் ஓவியம் எஞ்சியிருக்கிறது. பாண்டிச்சேரியில் பேராசிரியராக விளங்கிய பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதனை உலகறியச் செய்தார். மணிமுடி தரித்து, அணிகலன்கள் பூண்டு, குடை நிழலில் உமையம்மை நிற்கிறாள். ஒரு காலை ஊன்றி, மற்றொரு காலை மடக்கி, தலையைச் சற்றே சாய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் பார்ப்பது ஈசனின் திருநடனத்தை. ஆடும் பெருமானின் உருவமோ பெரும்பாலும் அழிந்துவிட்டது. சில கோடுகளும் வண்ணத் திட்டுகளும் மட்டுமே மிஞ்சியுள்ளன. ஆயினும் அச்சன்னதியில் நிற்பவருக்கு, அங்கே ஒரு நடனம் நிகழ்ந்துகொண்டிருப்பது தெரிகிறது. அம்மையின் முகம் அதைச் சொல்கிறது.

அக்குன்றின் அடிவாரத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் திருமணங்களைப் படம் எடுத்து வருகிறார். அவருடைய தந்தையார் தவில் வித்துவான். சுற்றுவட்டாரத்து ஊர்களின் முகூர்த்தங்கள் பலவற்றில் கெட்டிமேளம் கொட்டிய கை அவருடையது. மகனைத் தோளில் ஏற்றிக்கொண்டு மலைக்குச் செல்லும் வழக்கம் அவருக்கு இருந்தது. அம்மையின் ஓவியத்தின் முன் நிறுத்தி, "அம்மா என்ன செய்யறா பாரு" என்று கேட்பார். "பாக்கறா" என்பான் சிறுவன். "அதுதான். நல்லாப் பாக்கறா" என்று சொல்லி, தந்தை திருநீற்றை எடுத்து மகனின் நெற்றியில் இடுவார். அந்தச் சொல்லின் பொருள் மகனுக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

திருமணப் படம் என்பது ஒரு காலத்தில் திருமணத்திற்குள் எடுக்கப்படவில்லை. சடங்குகள் எல்லாம் முடிந்த பின்னர், ஒரு நல்ல நாள் பார்த்து மணமக்கள் டவுனுக்குச் சென்று ஸ்டுடியோவில் அமர்வார்கள். பின்னால் மாளிகையோ பூந்தோட்டமோ வரைந்த திரை தொங்கும். மணமகன் நாற்காலியில் அமர, மணமகள் பக்கத்தில் நிற்க, கண் இமைக்காமல் இருவரும் கருவியை நோக்குவார்கள். இதை வாசிக்கும் அன்பர்கள் பலரது வீட்டுக் கூடத்திலும் அத்தகைய படம் ஒன்று மாலையோடோ மாலையின்றியோ இன்றும் தொங்கக்கூடும். அக்காலத்தில் முகூர்த்த நேரத்தைக் கண்டவர்கள் அங்கே கூடியிருந்த மனிதர்களும், வளர்க்கப்பட்ட அக்கினியும், வானத்துச் சூரியனும் மட்டுமே. அவர்களே சாட்சிகள்.

பின்னர் கருவி பந்தலுக்குள் வந்தது. நம் புகைப்படக்காரர் தொழில் கற்ற காலம் அதுதான். விழுப்புரத்தில் ஒரு ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்து, இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ் படம் கழுவப் பழகி, பிறகு இரட்டைக் கண் கொண்ட யாஷிகா கருவியைக் கையில் எடுத்தார். ஒரு பிலிம் சுருளுக்குப் பன்னிரண்டு படங்கள். ஒரு திருமணத்திற்கு மூன்று சுருள் கொடுத்தால் அது பெரிய இடத்துத் திருமணம். ஆகவே ஒவ்வொரு படத்தையும் நிறுத்தி நிதானித்து எடுக்கவேண்டும் என்பதே அவருக்குக் கற்பிக்கப்பட்டது. மாலை மாற்றும்போது "அப்படியே நில்லுங்க" என்று சொல்ல வேண்டும். அட்சதை தூவும் கைகளை அந்தரத்தில் நிற்க வைக்க வேண்டும். அழும் தாயைக் கண்ணைத் துடைத்துக்கொண்டு இப்பக்கம் பார்க்கச் சொல்ல வேண்டும். அவரும் அவ்வாறே செய்து நல்ல பெயர் எடுத்தார்.

அந்த நல்ல பெயரோடுதான் பனமலையில் ஒரு திருமணத்திற்குச் சென்றார். வீட்டு வாசலில் பந்தல். மேளம் அவருடைய தந்தையாருடையது. மணப்பெண்ணின் தாய் இளம் வயதிலேயே மறைந்துவிட்டவர். பெண்ணையும் அவளுடைய தங்கையையும் வளர்த்தவர் தந்தையைப் பெற்ற பாட்டி. அப்பகுதி வழக்கில் ஆயா. சித்தப்பாவும் சித்தியும் மணையில் அமர்ந்து தாரை வார்த்துக் கொடுத்தார்கள். மஞ்சள் கயிற்றில் கோத்த திருமாங்கல்யத்தைத் தேங்காயின் மேல் வைத்து, சபையில் இருந்த பெரியவர்கள் தொட்டு வணங்குவதற்காகத் தட்டு வலம் வந்தது. எல்லா வரிசைகளுக்கும் சென்று மேடைக்குத் திரும்பியது.

நல்ல நேரம் நெருங்கியது. புரோகிதரின் விரல் அசைந்ததும் தவில் முழங்கியது. மணமகன் முதல் முடிச்சைப் போட்டான். புகைப்படக்காரர் விசையை அழுத்தினார், ஃபிளாஷ் ஒளிரவில்லை. பதற்றத்தில் அவர் வாயிலிருந்து அச்சொற்கள் வந்துவிட்டன. "மாப்பிள்ளை, கொஞ்சம் நிறுத்துங்க. கயிறை எடுத்து மறுபடியும் ஒரு தடவை கட்டுங்க. படம் விழலை."

மணமகன் கையை நிறுத்தினான். மேளம் தடுமாறியது. மணப்பெண் தலை நிமிர்ந்து பார்த்தாள். அப்போது திண்ணைத் தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு முதிய குரல் எழுந்தது.

"யாருப்பா அது? தெய்வம் பாத்துக் கட்டின முடிச்சை உன் பொட்டிக்காக அவுக்கச் சொல்றியா? நீ கட்டுய்யா, கட்டு!"

மேளம் மீண்டும் முழங்கியது. மற்ற முடிச்சுகளும் விழுந்தன. அட்சதை பொழிந்தது. புகைப்படக்காரர் எடுத்த படங்கள் எவை, எடுக்காதவை எவை என்பது அவருக்கே தெரியாதபடி அன்றைய காலை கழிந்தது.

மாலையில் தந்தையும் மகனும் ஏரிக்கரையோரமாக வீடு திரும்பினார்கள். தந்தை நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "கெட்டிமேளம் எதுக்குக் கொட்டறோம்? அந்த நேரத்துல அபசகுனமான சொல் எதுவும் பொண்ணு மாப்பிள்ளை காதுல விழக் கூடாதுன்னு. இன்னிக்கு அந்தச் சொல்லு என் மகன் வாயிலேருந்தே வந்துது. கெட்டிமேளத்தை ரெண்டு தடவை வாசிக்க எனக்குத் தெரியாதுடா."

அன்று இரவு உணவு உண்ணாமல் மகன் ஸ்டுடியோவுக்குச் சென்று பிலிமைக் கழுவினார். தாலி கட்டும் படம் இல்லை. ஆனால் அதற்கு முன் எடுத்த ஒரு சட்டத்தில் அவர் கண் நின்றது. திருமாங்கல்யத் தட்டு சபையில் வலம் வரும் படம் அது. தட்டைத் தொடும் பெண்களின் கைகள் நடுவில் தெளிவாக விழுந்திருந்தன. இடது ஓரத்தில், சற்று மங்கலாக, திண்ணைத் தூணும் அதன் பின்னால் ஒரு வெள்ளைப் புடவையும் தெரிந்தன. ஒரு கை தூணைப் பற்றியிருந்தது. மற்றொரு கை மார்போடு சேர்த்து மூடியிருந்தது. விரல் இடுக்கில் அரிசி தெரிந்தது. தூணின் விளிம்பைக் கடந்து ஒரு முகம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆயா அங்கே நின்றிருந்தார். கணவரை இழந்தவர்கள் மங்கல காரியத்தில் முன்னே வரலாகாது என்ற வழக்கத்திற்குக் கட்டுப்பட்டு அவரே ஒதுங்கி நின்றார். அவரை யாரும் ஒதுக்கவில்லை. யாரும் அழைக்கவும் இல்லை. தட்டு எல்லா வரிசைகளுக்கும் சென்றதே, அந்தத் தூண் வரைக்கும் செல்லவில்லை. தாய்க்குத் தாயாக வளர்த்தவர் கையில் வைத்திருந்த அட்சதை, எறிந்தாலும் மேடையை எட்டாத தூரத்தில் இருந்தது.

படம் அச்சிடும்போது வேண்டாத ஓரங்களை வெட்டிவிடுவது தொழில் வழக்கம். அன்றுவரை அவரும் ஆயிரம் ஓரங்களை வெட்டியிருந்தார். அன்று அவர் நடுப்பகுதியை விட்டுவிட்டு, அந்த ஓரத்தை மட்டும் பெரிதாக்கினார். மணல் மணலாகப் புள்ளி தெரிந்தது. ஆனாலும் முகம் தெரிந்தது. ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் அதை ஒட்டி, தாலி கட்டும் படம் விழாத குற்றத்திற்காகக் கூலியில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் அவர் மலை ஏறினார். சிறுவயதில் பலமுறை கண்ட ஓவியம்தான். அன்றுதான் அவருக்கு ஒன்று புலப்பட்டது. பெருமானின் நடனம் சுவரிலிருந்து போய்விட்டது. அதைப் பார்த்தவளின் பார்வை மட்டும் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கேயே இருக்கிறது. அப்பார்வையின் வழியாகத்தான் நடனம் இன்றும் நமக்குக் கிடைக்கிறது. திருமணத்தைப் படம் எடுப்பவன் மணமக்களை மட்டும் எடுத்தால் போதாது. அவர்களைப் பார்த்து நிற்பவர்களின் முகத்தில்தான் திருமணத்தின் பாதி இருக்கிறது என்று அவர் தமக்குள் சொல்லிக்கொண்டார்.

பனமலையிலிருந்து மேற்கே சென்றால் திருவண்ணாமலை. கார்த்திகை தீபத்திற்கு ஆண்டுதோறும் செல்லும் வழக்கமுடைய அவர், ஒருமுறை ரமணாசிரமத்தில் ஒரு முதிய அன்பருடன் பேசிக்கொண்டிருந்தபோது கேட்டறிந்த செய்தி ஒன்று அவருடைய எண்ணத்தை மேலும் உறுதியாக்கியது. 1950ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், பகவான் ரமணர் உடல் நலிந்திருந்த இறுதி நாட்களில், பிரெஞ்சு நாட்டுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் அங்கே வந்திருந்தார். உலகம் முழுவதும் போற்றப்பட்டவர். எனினும் அவர் கையில் இருந்தது ஒரு சிறிய லைக்கா கருவி மட்டுமே. அவர் ஃபிளாஷ் பயன்படுத்துவதில்லை. அது நாகரிகமன்று என்பது அவர் கருத்து. யாரையும் நிற்கச் சொல்வதில்லை, திரும்பச் சொல்வதில்லை. ஓரமாக நின்று, நிகழ்வது நிகழும்வரை காத்திருப்பார். அவ்வாறே பகவானின் கடைசி நாட்களைப் படம் எடுத்தார். ஏப்ரல் 14ஆம் தேதி இரவு வானில் ஒரு பேரொளி நகர்ந்து செல்வதைக் கண்டு அவர் கடிகாரத்தைப் பார்த்தார்; மணி 8.47. பகவான் மகாசமாதி அடைந்த நேரம் அதுவே என்று பின்னர் அறிந்தார். அந்த ஒளியை அவர் கருவியில் பிடிக்கவில்லை. கண்ணால் கண்டு, கண்டதைச் சொன்னார். அந்தச் சாட்சியம் இன்றும் அன்பர்களால் நினைக்கப்படுகிறது.

எல்லாவற்றையும் படமாக்க வேண்டியதில்லை, ஆனால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று பனமலைக்காரர் அதிலிருந்து எடுத்துக்கொண்டார். நம் மரபில் சாட்சி என்ற சொல்லுக்குப் பெரிய இடம் உண்டு. அக்கினி சாட்சியாகத் திருமணம் செய்கிறோம். அக்கினி ஒருபோதும் "கொஞ்சம் நிறுத்துங்கள்" என்று சொல்வதில்லை. உபநிடதங்களும் ஆன்மாவைச் சாட்சி என்றே பேசுகின்றன: எதிலும் தலையிடாமல், எதையும் தவறவிடாமல் காண்பது. அந்த இயல்பைத் தொழிலில் பழக முயல்வதே இனித் தம் வழி என்று அவர் முடிவு செய்தார்.

அதன் பின் அவருடைய வேலை முறை மாறியது. முகூர்த்தத்திற்கு முந்தைய நாளே அந்த வீட்டிற்குச் செல்லத் தொடங்கினார். பந்தக்கால் அருகில் கோலம் போடுபவர் யார், சமையற்கட்டில் பொறுப்பு யாருடையது, பெண் யாரிடம் மட்டும் வாய்விட்டுப் பேசுகிறாள் என்பனவற்றைக் கருவியைத் தொடாமல் கவனிப்பார். புரோகிதரிடம் சென்று சடங்குகளின் வரிசையைக் கேட்டுக்கொள்வார். மேளக்காரர்களின் அருகே தமக்கு இடம் அமைத்துக்கொள்வார். கெட்டிமேளத்திற்கான சைகை முதலில் தெரிவது அவர்களுக்கே என்பது தவில்காரர் மகனுக்குத் தெரியாதா? மேடையின் முன்னே நின்று சபையை மறைப்பதில்லை. அம்மி மிதிக்கும்போது கால் விரலையும், அந்தக் காலைப் பற்றிய மணமகனின் கையையும் ஒருசேர எடுக்கத் தரையில் அமர்வார். அருந்ததி பார்க்கும் வேளையில் வானத்தையும் எடுக்க மாட்டார், மணமக்களை இப்பக்கம் திரும்பவும் சொல்ல மாட்டார். பகல் வெளிச்சத்தில் காண முடியாத விண்மீனை நம்பிக்கையால் நோக்கும் அந்த இரு முகங்களை எடுப்பார்.

இதனால் அவருக்கு இழப்பும் உண்டாயிற்று. "உம் படத்துல யாருமே கேமராவைப் பாக்கலையே" என்று குறைபட்டு, வேறு ஸ்டுடியோவை நாடியவர்கள் பலர். சில மாதங்கள் வாடகை கொடுக்கவும் சிரமப்பட்டார். தந்தை ஒருநாள் தம் மேளக் கூலியிலிருந்து நோட்டுகளை எடுத்து மகனின் சட்டைப் பையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சென்றார்.

இதற்கிடையில், அந்தத் திருமணத்தில் மணமான மூத்த பெண் வளைகாப்பிற்காகத் தாய்வீடு வந்தாள். ஒரு பிற்பகலில் ஆல்பத்தைப் புரட்டியவள் கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"ஆயா, நீ அன்னிக்கு இங்கயா நின்ன?"

"ஆமாம் கண்ணு. அங்கிருந்து எல்லாம் நல்லாத் தெரிஞ்சுது."

"கையில அரிசி வச்சிருக்கியே?"

"அங்கேருந்தே போட்டேன். மனசால போட்டா சேராதா?" என்று சிரித்தார் ஆயா. பிறகு, தாம் கேட்ட புராணக் கதையையே துணைக்கு அழைத்தார். "சிவபெருமான் கல்யாணத்துக்கு எல்லாரும் கயிலாயம் போனாங்க. அகத்தியரை மட்டும் தெக்க போகச் சொல்லிட்டாரு. போனவருக்கு அங்கயே கல்யாணக் கோலத்தைக் காட்டினாரு இல்ல? வேதாரண்யத்துல லிங்கத்துக்குப் பின்னால இன்னிக்கும் அந்தக் கோலம் இருக்கு. அத்தனை தூரத்துல இருந்தவருக்கே காட்டினவரு, தூணுக்குப் பின்னால நின்னவளுக்குக் காட்ட மாட்டாரா?"

பேத்தி சிறிது நேரம் பேசவில்லை. "அகத்தியரைப் பூமி சமமாகணும்னு அனுப்பினாரு ஆயா. உன்னை நாங்க எதுக்கு நிறுத்தினோம்?" என்றாள். ஆயாவிடம் அதற்கு விடை இல்லை. எழுந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சென்றுவிட்டார்.

சில ஆண்டுகளில் தங்கையின் திருமணம் கூடிவந்தது. முன்பு கூலியில் பாதியைத் திருப்பித் தந்த அதே புகைப்படக்காரரே வரவேண்டும் என்று மூத்தவள் சொல்லியனுப்பினாள். அதே வாசல், அதே பந்தல், அதே மேளம். ஆயாவும் அதே தூணுக்குப் பின்னால் சென்று நின்றார். புகைப்படக்காரர் தவிலுக்குப் பக்கத்தில் நின்றபடி அதைப் பார்த்தார்.

திருமாங்கல்யத் தட்டு மேடையிலிருந்து புறப்பட்டது. முன் வரிசைக்குச் செல்லுமுன் மூத்தவள் எழுந்து, தட்டை வாங்கித் தன் தந்தையின் கையில் கொடுத்தாள். அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு தட்டோடு சபையைக் கடந்து, திண்ணையை நோக்கி நடந்தார். பேச்சுக்கள் அடங்கின. நாகசுரம் மட்டும் மெல்ல ஒலித்துக்கொண்டிருந்தது.

"என்னடா இது? வேணாம்பா, நல்ல காரியம்" என்று ஆயா தூணோடு ஒண்டினார்.

"நீ தொட்டாத்தாம்மா நல்ல காரியம்" என்றார் மகன்.

சபையில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு முதியவர் ஏதோ சொல்ல வாய் திறந்தார். அதற்குள் புரோகிதர் மேடையிலிருந்தே, "பெரியவங்க ஆசீர்வாதம் முதல்ல ஆகட்டும், நேரம் இருக்கு" என்றார். திறந்த வாய் மூடிக்கொண்டது.

புகைப்படக்காரர் பத்தடி தூரத்தில் இருந்தார். ஃபிளாஷ் விளக்கு பைக்குள் இருந்தது. திண்ணையில் கீற்றின் இடைவெளி வழியாக விழுந்த காலை வெளிச்சம் மட்டுமே. அந்த வெளிச்சத்திற்குக் கருவியின் கண் நொடியில் பதினைந்தில் ஒரு பங்காவது திறந்திருக்க வேண்டும். அதற்குள் கை அசைந்தால் படத்தில் கலங்கிவிடும். அவர் யாரையும் அசையாதிருக்கச் சொல்லவில்லை. ஆயாவின் கை நடுங்கியபடி நீண்டு, திருமாங்கல்யத்தைத் தொட்டு, தன் கண்களுக்குச் சென்றது. அவர் ஒரே ஒரு முறை விசையை அழுத்தினார். பிறகு கருவியைத் தாழ்த்திவிட்டுக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றார். அருகில் தவிலின் மேல் கை வைத்திருந்த அவருடைய தந்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று தாலி கட்டும் படத்தையும் அவர் தவறவிடவில்லை. அது அவர் கடமை. ஆனால் அந்த வீட்டார் இன்றுவரை காட்டுவது மற்றப் படத்தைத்தான். அதில் தட்டு தெளிவாக இருக்கிறது, மகனின் முகம் தெளிவாக இருக்கிறது, ஆயாவின் முகமும் தெளிவாக இருக்கிறது. கை மட்டும் நடுங்கிக் கலங்கியிருக்கிறது. கலங்கிய கையைக் குறையென்று யாரும் சொன்னதில்லை.

இன்று காலம் வேறு. பிலிம் சுருளின் பன்னிரண்டு படம் என்ற கட்டுப்பாடு போய்விட்டது. ஒரு திருமணத்தில் ஆயிரக்கணக்கில் எடுக்கிறார்கள். மணமேடையைச் சுற்றிக் கருவிகளின் வேலி. தலைக்கு மேலே பறக்கும் கருவி. சபையில் அமர்ந்திருக்கும் தாத்தாவும் பாட்டியும் தங்கள் பேரன் தாலி கட்டுவதை, பத்தடி தூரத்தில் இருந்தும், மண்டபத்துத் திரையில் பார்க்க வேண்டியிருக்கிறது. வாழ்த்த வந்தவர்களும் அட்சதையை ஒரு கையிலும் செல்போனை மறு கையிலும் வைத்திருக்கிறார்கள். தூவுவதா, எடுப்பதா என்ற குழப்பத்தில் அரிசி மடியிலேயே தங்கிவிடுகிறது. ஆலயங்களிலும் இந்த நிலை முற்றியதால்தான், 2022ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களில் செல்போனைத் தடை செய்யுமாறு அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. திருமண மேடைக்கு அத்தகைய உத்தரவு கிடையாது. அங்கே வீட்டுப் பெரியவர்களின் சொல்தான் உத்தரவு.

தம்மிடம் வரும் குடும்பத்தாரிடம் அந்தப் புகைப்படக்காரர் மூன்று வேண்டுகோள்களை வைப்பார். வீட்டின் மூத்தவர்களை மேடைக்கு அருகில், மறைப்பின்றி அமர்த்துங்கள். முகூர்த்த வேளையில் கால் மணி நேரம் உறவினர்கள் செல்போனைப் பைக்குள் வையுங்கள். அந்தப் படத்திற்கு நான் பொறுப்பு. எந்தச் சடங்கையும் எனக்காக நிறுத்தவோ திரும்பச் செய்யவோ வேண்டாம்; எனக்குக் கிடைக்காத படம் எனக்கு விதிக்கப்படாதது. இவற்றை அவர் சொல்லும்போது சிலர் வியப்பார்கள். தொழில்காரர் தம் தொழிலுக்கே எல்லை கட்டுகிறாரே என்பார்கள்.

புதுமணத் தம்பதியர் பனமலைக்குத் தரிசனத்திற்கு ஏறும்போது, அழைத்தால் உடன் செல்வார். படியேறும் கால்களையும், ஏரிக்காற்றில் பறக்கும் மாலையையும் எடுப்பார். கருவறை வாயிலை அடைந்ததும் கருவியின் கண்ணுக்கு மூடியிட்டுப் பைக்குள் வைத்துவிடுவார். தரிசனம் முடிந்து வடபுறத்துச் சன்னதிக்கு வந்ததும், மணமக்களிடம் அம்மையைக் காட்டி, தம் தந்தை தம்மிடம் கேட்டதையே கேட்பார்: "அம்மா என்ன செய்யறா, பாருங்க."

ஆயா காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. மாலையிட்டு வைப்பதற்குத் தெளிவான முகப்படம் ஒன்றை அச்சிட்டுத் தருவதாகப் புகைப்படக்காரர் சொன்னார். பேத்திகள் இருவரும் அதை வேண்டாம் என்று, தட்டைத் தொடும் படத்தையே கேட்டு வாங்கிக் கூடத்தில் மாட்டினார்கள். அண்மையில் மூத்தவளின் மகளுக்குத் திருமணம் நடந்தது. திருமாங்கல்யத் தட்டு சபைக்குச் செல்லுமுன், கூடத்துச் சுவரின் அருகே கொண்டு செல்லப்பட்டது. மணப்பெண்ணின் தாய் தட்டை இரு கைகளாலும் உயர்த்தி, அந்தக் கலங்கிய கையின் முன் சிறிது நேரம் பிடித்திருந்தாள். அதன் பின்னரே அது முதல் வரிசைக்குச் சென்றது.

முதுமையில் கண் மங்கிய அந்தப் புகைப்படக்காரர் அன்று படம் எடுக்கவில்லை. அவருடைய மகன் எடுத்தான். அவர் சபையில், முன் வரிசையில் அமர்ந்து, கையில் அட்சதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.